காலநிலை மாற்றத் தொடர்பியல் பாடம் எடுக்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மாலைவகுப்பு எழுதியது:

எட்டு வருடமாக ஊடகவியல் துறையில் பாடம் எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் முதுகலை மாணவர்களுக்கு காலநிலை மாற்றத் தொடர்பியல் என்று ஒரு விருப்பப்பாடம் புதிதாக வந்திருக்கிறது. நீங்கதானே கடலோரத்துல ஆய்வு பண்றீங்க, நீங்களே எடுத்துடுங்க என்று துறைத்தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். நானும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வாரமே முழி பிதுங்குகிறது.

முதல் வகுப்பில் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், காலநிலை மாற்றம் பற்றி ஒரு போஸ்டர் போடுங்கள் என்றேன். 28 பேரில் 19 பேர் போட்டது ஒரே படம், வாயில் தெர்மாமீட்டர் வைத்த பூமி உருண்டை. நாலு பேர் பனிக்கரடி. மீதிப் பேர் பாளம்பாளமாக வெடித்த நிலத்தில் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிற படம், அது எந்த நாடென்று அவர்களுக்கே தெரியவில்லை. எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம். வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் உப்பளம். சீசனில் நாலு நாள் மழை பெய்தால் வீட்டில் சம்பளம் நின்றுபோவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதே வகுப்பில் ஆறேழு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தர்கூட உப்பளத்தை வரையவில்லை.

அப்புறம் சொல் பிரச்சினை. காலநிலை மாற்றம் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். வந்த பதில்களில் பாதி, 'க்ளைமேட் மாறுனா சளி பிடிக்குமே, அதானே?' யோசித்தால் அதில் தப்பே இல்லை. மேகம் போட்டு லேசாகத் தூறினால் 'க்ளைமேட் சூப்பரா இருக்கு' என்றுதானே எல்லோரும் சொல்கிறோம். பேச்சுத் தமிழில் க்ளைமேட் என்றால் இன்றைய வானிலை. பாடத்தில் காலநிலை என்றால் முப்பது வருட வானிலையின் சராசரி, அதை இந்தச் சொல்லில் எப்படி ஏற்றுவது? பாடநூல் காலநிலை என்கிறது, பத்திரிகை பருவநிலை என்கிறது, சிலர் தட்பவெப்பம் என்கிறார்கள். இதை எல்லாம் தாண்டிப் போனால் 'பசுமை இல்ல வாயு' (க்ரீன்ஹவுஸ் கேஸ், வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு) வருகிறது. ஒரு மாணவி அதைப் 'பசுமையே இல்லாத வாயு' என்று நம்பி பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். இன்னொருவன் பசுமை என்று வருவதால் அது நல்ல வாயு என்று நினைத்திருக்கிறான். இரண்டு பேரையும் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது என் ஆய்வு. மன்னார் வளைகுடாக் கரையில் மூன்று ஊர்களில் 40 பேரிடம் முன்னோட்டக் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்தேன். 'காலநிலை மாற்றம் நிகழ்வதாக நீங்கள் நம்புகிறீர்களா?' என்பது முதல் கேள்வி. ஒரு பெரியவர் வலையைத் தைத்துக்கொண்டே, 'நம்புறோம் டீச்சரம்மா, நம்பாம எப்படி, எல்லாம் மாதா பாத்துக்குவா' என்றார். ஐந்து புள்ளி அளவுகோலில் 40 பேரில் 37 பேர் எல்லாக் கேள்விக்கும் 'முழுமையாக உடன்படுகிறேன்'. கடல் மட்டம் உயர்கிறது, உடன்படுகிறேன். கடல் மட்டம் மாறவில்லை, அதற்கும் உடன்படுகிறேன்.

இந்தப் பாடத்தை ஈவிஎஸ் (சுற்றுச்சூழல் கல்வி) பேப்பர் மாதிரி ஆக்கிவிடக் கூடாது என்று ஒரு பிடிவாதம் இருக்கிறது. இளங்கலையில் எல்லோரும் கட்டாயமாகப் படித்து, தேர்வுக்கு முந்தின ராத்திரி ஜெராக்ஸ் எடுத்து, மறுநாள் மறந்துபோகிற பேப்பர் அது. வகுப்பில் என்ன செய்ய வைக்கலாம், கேள்வித்தாளை எப்படித் திருத்தலாம், யாராவது அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

அரைத்தூக்கம் எழுதியது:

40 படிவத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் மேடம். கடல் மட்டம் உயர்கிறது, உயரவில்லை இரண்டுக்கும் தலையாட்டினார்கள் என்றால் அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, வீடு தேடி வந்த டீச்சருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். நான் கரூர் பக்கம் விவசாயிகளிடம் போனபோது எனக்கும் இதேதான். 'நீங்க என்ன போடணுமோ போட்டுக்குங்க சார்' என்று படிவத்தையே என் கையில் திருப்பிக் கொடுத்த ஆளும் உண்டு.

'நம்புகிறீர்களா' என்ற கேள்வி அமெரிக்கச் சண்டையிலிருந்து இறக்குமதியானது. அங்கே புவி வெப்பமாவதே புளுகு என்று சொல்ல ஒரு பெரிய கூட்டம் இருப்பதால் அந்தக் கேள்விக்கு அங்கே வேலை இருக்கிறது. யேல் பல்கலைக்கழகக் குழு 2009-இல் அமெரிக்கர்களை ஆறு வகையாகப் பிரித்தபோது ஒரு முனையில் பதறுகிறவர்கள், மறு முனையில் அடியோடு மறுக்கிறவர்கள். நம்மூரில் மறுக்கிற ஆளைப் பிடிக்க டீக்கடை டீக்கடையாக அலைய வேண்டியிருக்கும். பத்திரிகைகளும் அப்படித்தான். அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகள் 'இரு தரப்பு' என்ற பெயரில் விஞ்ஞானிகளையும் மறுப்பாளர்களையும் சரிசமமாக நிறுத்தியதைப் பாய்காஃப் சகோதரர்கள் என்ற ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள், எல்லாப் பாடத்திட்டத்திலும் அது இருக்கும். இந்திய ஆங்கில நாளிதழ்களைப் பற்றி சைமன் பில்லெட் 2010-இல் எழுதிய கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இங்கே மறுப்பு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் 'ஆபத்து எங்களுக்கு, பொறுப்பு பணக்கார நாடுகளுக்கு' என்ற கோடு அழுத்தமாக விழுந்திருக்கிறது. உங்கள் மாணவர்கள் பனிக்கரடி வரைந்ததையும் இதோடு சேர்த்துப் பேசலாம். பிரச்சினை எங்கேயோ, செய்தவன் எவனோ, நமக்கு அதில் வேலை ஒரு போஸ்டர்தான்.

யேல் குழு இந்தியாவிலும் கேட்டிருக்கிறது. 2022-இல் வந்த அறிக்கையில், புவி வெப்பமாதல் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். கணிப்பில் கலந்துகொண்ட எல்லோருக்கும் இரண்டு வரி விளக்கம் படித்துக் காட்டிவிட்டு, இது நடக்கிறதா என்று கேட்டால் 84 சதவீதம் ஆமாம் என்கிறார்கள். இந்த இரண்டு எண்ணையும் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் சங்கதி தெரியும் என்று ஒரு குழு சொல்லும். எதிரில் இருப்பவர் விளக்கிய பிறகு இல்லை என்று யார் சொல்வார்கள், இதுவும் உங்கள் 37 பேர் மாதிரிதான் என்று இன்னொரு குழு சொல்லும். கணிப்பை எப்படிப் படிப்பது என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது.

களத்துக்கு என் யோசனை. ஐந்து புள்ளி அளவுகோலை வீட்டில் வைத்துவிட்டுப் பத்துப் புளியங்கொட்டையோடு போங்கள். 'உங்கப்பா கடலுக்குப் போன காலத்துல காத்து சொன்ன நேரத்துக்கு வந்தது எத்தனை தடவை, இப்ப எத்தனை தடவை, வச்சுக் காட்டுங்க' என்று கேளுங்கள். கொட்டையை நகர்த்தும்போது கையோடு பேச்சும் வரும், எழுதிக்கொள்ள வேண்டியது அந்தப் பேச்சைத்தான். அப்புறம் கருத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேளுங்கள், கடைசியாக எப்போது கடலுக்குப் போகாமல் திரும்பினீர்கள், யார் சொல்லி, எதைப் பார்த்து. ஆனால் ஞாபகத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். போன வருடப் புயலுக்கு முன்னால் நடந்ததெல்லாம் மனசில் நல்ல காலமாகிவிடும். வானிலை ஆய்வு மையத்தின் பதிவோடு ஒரு தடவை ஒத்துப் பாருங்கள்.

கரைவலை எழுதியது:

நான் குமரி மாவட்டம் மேற்குக் கரை, மீன்பிடிக் குடும்பம், இப்போது ஒரு பத்திரிகையில் வேலை. கொஞ்சம் காட்டமாக எழுதினால் மன்னிக்கவும்.

எங்கள் ஊருக்கு வருகிற ஒவ்வொரு காலநிலைக் குழுவும் 'விழிப்புணர்வு' என்ற சொல்லோடுதான் வேனிலிருந்து இறங்குகிறது. தூங்குகிறவனை எழுப்ப வந்த மாதிரி. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது எங்கள் ஆட்களிடம் இல்லாமல் போனது விழிப்புணர்வா? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில்தான். 29-ஆம் தேதி கடலுக்குப் போகாதே என்று எச்சரிக்கை வருகிறது, 30-ஆம் தேதி காலை அது புயலாகிவிட்டது. ஏற்கெனவே போனவனுக்கு 'போகாதே' என்று யார் சொல்வது, எதில் சொல்வது? கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போன் செத்துவிடும். மாணவர்களிடம் ஒரு கடல் வரைபடத்தைக் கொடுத்து, செய்தி எந்த இடம் வரை போனது, எந்த இடத்தில் நின்றுபோனது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் படகில் இருந்தவனுக்கு உங்கள் போஸ்டரால் என்ன பிரயோசனம் என்று அப்புறம் கேளுங்கள்.

மீனவர் எச்சரிக்கை அறிக்கையை எடுத்து வகுப்பில் சத்தமாகப் படிக்க வையுங்கள். 'மன்னார் வளைகுடா, குமரிக்கடல் மற்றும் அதனை ஒட்டிய பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்.' இதைக் கேட்கிற மீனவன் மனசில் என்ன ஓடும்? எந்தத் திசைக் காற்று, வாடையா, கச்சானா, கொண்டலா? எந்த நேரத்திலிருந்து? வாங்கி வைத்த டீசலும் ஐஸும் என்ன ஆகும்? மன்னார் வளைகுடா என்பது சின்ன இடமா? மூன்று நாள் போகாதே என்கிறார்கள், முதல் நாள் கடல் குளம் மாதிரி கிடக்கிறது, அடுத்த தடவை அவன் எப்படிக் கேட்பான்? பாம்பனில் 2016-இலிருந்து கடல் ஓசை என்று மீனவர்களுக்காகவே ஒரு சமுதாய வானொலி நடக்கிறது, 90.4-இல். அதைக் கேட்க வையுங்கள். அதே அறிக்கை அந்த ஊர்ப் பேச்சில் வரும்போது எந்தச் சொல் விழுகிறது, எது புதிதாகச் சேருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே ஒரு ஆய்வுக் கட்டுரை தேறும்.

சொல்லுக்குத் தவிக்கிறீர்கள் அல்லவா, கள்ளக்கடல் கேள்விப்பட்டிருப்பீர்கள். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் வீட்டுக்குள் வந்துவிடும். கள்ளன் மாதிரி வருவதால் கள்ளக்கடல். எங்கள் பக்கத்திலும் கேரளத்திலும் மீனவர் வாயில் புழங்கிய சொல். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசுகிற புயல் கிளப்பிவிட்ட அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறுகிறது என்று விஞ்ஞானிகள் பின்னால் கண்டுபிடித்தார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரை அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் எச்சரிக்கை விடும்போது கள்ளக்கடல் என்றேதான் எழுதுகிறது. அதனால் மொழிபெயர்ப்பு ஒரு பக்கமாகத்தான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை.

மழைமானி எழுதியது:

மொட்டைமாடியில் மழைமானி வைத்து அளக்கிற பைத்தியம் நான். ஆசிரியர் இல்லை, ஆனாலும் ஒரு பயிற்சி சொல்கிறேன்.

'மழைக்கு வாய்ப்புள்ளது', 'பெரும்பாலும் பெய்யும்', 'பெய்யக்கூடும்', 'அநேகமாகப் பெய்யும்' இந்த நாலையும் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று மாணவர்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பேச விடாதீர்கள். ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) அறிக்கையில் 'மிகவும் சாத்தியம்' என்று வந்தால் அதற்குக் கணக்கு உண்டு, 90 சதவீதத்துக்கு மேல். 'சாத்தியம்' என்றால் 66-க்கு மேல். ஆனால் படிக்கிறவர்கள் அந்தச் சொற்களை நடுவே, 50 பக்கமாக இழுத்துப் புரிந்துகொள்கிறார்கள் என்று புடெஸ்கு என்ற ஆய்வாளரின் குழுவினர் 2009-இல் சோதித்துக் காட்டினார்கள். அது ஆங்கிலத்தில். தமிழில் எப்படி இருக்கும்? உங்கள் வகுப்பிலேயே தொடங்கலாம்.

நம் வானிலை அறிக்கையிலேயே ஒரு வேடிக்கை. 'ஓரிரு இடங்களில்', 'ஒரு சில இடங்களில்' இரண்டும் ஒன்றுதான் என்றுதானே நினைக்கிறீர்கள்? முதலாவது, அந்தப் பகுதியின் மழை நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால். இரண்டாவது 26 முதல் 50 வரை. பத்து வருடம் அறிக்கை படித்த பிறகுதான் எனக்கே இது தெரிந்தது. அப்புறம் கன மழை, மிக கன மழை, அதி கன மழை. 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதி கன மழை, அந்த வரிசையில் அதற்கு மேல் படி கிடையாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். 21 பெய்தாலும் அதி கன மழை, 95 பெய்தாலும் அதே அதி கன மழை. உங்கள் மாவட்டம்தானே மேடம், அந்த ராத்திரி பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பமான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் என்று பாடத்தில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பனிக்கரடியிடம் விடாமல் காயல்பட்டினத்தில் வைத்துச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒரு மழையே காலநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று தாவிவிடாதீர்கள், அது தனிக் கணக்கு.

ரெட் அலர்ட்டும் அப்படித்தான். நிறம் என்பது அதிகாரிகளுக்கும் நமக்கும் 'இறங்கி வேலை பார்' என்று சொல்கிற குறி. ஜனங்கள் அதை 'வெள்ளம் உறுதி' என்று படிக்கிறார்கள். 2024 அக்டோபரில் சென்னையில் காரையெல்லாம் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினார்களே, 16-ஆம் தேதி சிவப்பு எச்சரிக்கை இருந்தும் மழை அடங்கிவிட்டது, உடனே மீம்ஸ் மழை. எனக்கென்னவோ கார் நிறுத்தினவர்கள்தான் சரியாகச் செய்தார்கள் என்று படுகிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவன் அப்படித்தான் செய்வான். எச்சரிக்கை தப்பினால் அடுத்ததை மக்கள் நம்புவார்களா என்பதை உங்கள் மாணவர் யாராவது எடுத்து ஆராயலாம், பேட்டி கொடுக்க நான் தயார்.

மண்வெட்டி எழுதியது:

எல்லாம் சரி, ஒரு எச்சரிக்கை. எதையும் க்ளைமேட் தலையில் போடுகிற பழக்கத்தை மாணவர்களுக்குப் பழக்கிவிடாதீர்கள். இப்போதெல்லாம் கால்வாய் தூர்வாரவில்லை என்று கேட்டால்கூட 'உலக அளவில் காலநிலை மாறிப்போச்சு' என்று மேடையில் பதில் வருகிறது. யார் மேலும் பழி இல்லை, வசதியான பதில்.

கடலரிப்பை எடுங்கள். மெரினாவில் அவ்வளவு மணல் எப்படி வந்தது? 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அந்தச் சுவரில் முட்டித் தேங்கியது. தெற்கே மெரினா வளர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. புதுச்சேரியிலும் 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபிறகு நகரக் கடற்கரையே காணாமல் போனது. இதைச் சொல்லாமல் கடல் மட்ட உயர்வு என்று மட்டும் எழுதுகிற நிருபரை நான் மன்னிக்க மாட்டேன்.

அரைத்தூக்கம் எழுதியது:

மண்வெட்டி சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. (முழுமையாக உடன்படுகிறேன் என்று போடமாட்டேன்.) உலகச் சராசரிக் கடல் மட்டம் 1901-இலிருந்து 2018-க்குள் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. துறைமுகச் சுவர் ஒரு கரையைத் தின்னும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது மெதுவானதுதான். ஆனால் சுவர் தின்று குறுகிப்போன கரையில்தான் அந்த ஏற்றமும் வந்து சேர்கிறது. இதுவா அதுவா என்று பிரிக்காமல், எது எவ்வளவு, யார் சரிசெய்ய முடியும் என்று கேட்கப் பழக்கலாம். பாய்காஃப் கட்டுரையைப் படித்துவிட்டு 'இரு தரப்பும் எழுதக் கூடாது' என்று புரிந்துகொண்ட மாணவர் ஒருவர் என்னிடம் இருந்தார், துறைமுக அதிகாரியிடம் பேசவே போகவில்லை! அப்படியும் ஆகிவிடக் கூடாது.

இன்னொன்று, முன்பு எழுத விட்டுப்போனது. 1990-களின் இறுதியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் என்ன செய்தது என்பதை ஒரு வகுப்பு எடுங்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் தெருவுக்குச் சொன்னார்கள். பக்கத்து நல்லவாட்டில் 2004 சுனாமி அன்று சிங்கப்பூரில் இருந்த ஒரு ஊர்க்காரர் போன் செய்ய, அதே மாதிரி மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் கத்தி ஊரைக் காலி செய்தார்கள். அந்த ஒலிபெருக்கிக் குழாய் தினமும் காலையில் உபயோகமாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் அன்றைக்கு ஓடச் சொன்னபோது ஓடினார்கள் என்பது என் கட்சி.

வாடைக்காத்து எழுதியது:

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் உங்கட பிரச்சினை இன்னும் மோசம். மழை வெள்ளம் வந்தால் செய்தியில் 'சீரற்ற காலநிலை காரணமாகப் பாடசாலைகளுக்கு விடுமுறை' என்றுதான் வாசிக்கினம். வானிலைக்கும் காலநிலைக்கும் ஒரே சொல். அதுக்குப் பிறகு காலநிலை மாற்றம் என்றால் சனம் என்னத்தை விளங்கும், நாளைக்கு வெயில் எறிக்கும் என்றுதான். ஆனால் சுனாமி என்ற சொல்லை யாரும் எங்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லித்தரேல்லை. 2004 டிசம்பர் 26 காலமை எங்கட ஆக்கள் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும்? பின்னேரம் தெரியாத ஆளில்லை. ஆழிப்பேரலை என்று நல்ல தமிழில எழுதிப் பாத்தினம், பேச்சில நிண்டது சுனாமிதான்.

வரப்பு எழுதியது:

டெல்டாவில் வேளாண் விரிவாக்க வேலை, 14 வருடம். சொல் தேடுகிறவர்களுக்கு ஒன்று: 'பருவம் தப்பிப் போச்சு'. எந்த ஊரிலும் யாருக்கும் விளக்க வேண்டாம். நான் ஒரு தடவை மேலிடத்துக் கையேட்டைப் பார்த்துத் 'தகவமைப்பு', 'மீள்திறன்' என்று பேசினேன், பின்வரிசையில் இருந்த ஒருத்தர், 'சார் காப்பீடு கட்டுறதுக்குக் கடைசித் தேதி என்னைக்கு, அதைச் சொல்லுங்க' என்றார். அமெரிக்காவில்கூட 'மிட்டிகேஷன்' (காலநிலை மாற்றத்தின் காரணங்களைக் குறைப்பது) என்ற சொல் சாதாரண ஜனங்களுக்குப் புரியவில்லை என்று 2021-இல் ஆய்வு வந்திருக்கிறது, அதனால் எங்கள் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள்.

குறுவை அறுக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் கொள்முதல் நிலைய வாசலில் போய் நில்லுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டு, நாலு நெல்மணியைப் பல்லால் கடித்துப் பார்த்து, 'இன்னும் சத்தம் வரலை' என்பார்கள். காய்ந்தால் நறுக்கென்று உடையும். காலநிலை மாற்றம் பற்றிப் பேச அதுதான் சமயம். ஆனால் அங்கே மைக் நீட்டி 'காலநிலை மாற்றம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டால் அடி விழும்.

மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வந்து சொல்கிறேன்.

மழைமானி சொன்ன பயிற்சியைச் செய்தோம். 'வாய்ப்புள்ளது' என்பதற்கு வகுப்பில் வந்த சதவீதம் 20 முதல் 95 வரை. 95 போட்டவன் மீனவக் குடும்பம், 'எங்க வீட்ல அந்த வார்த்தை வந்தாலே படகை மேல ஏத்திடுவாங்க மேம்' என்றான். 20 போட்டவள் சென்னையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவள், பள்ளி லீவு விடுவார்கள் என்று நம்பி நம்பி ஏமாந்தவளாம். இதே பயிற்சியை அவரவர் தெருவில் பத்துப் பேரிடம் செய்து வரச் சொல்லியிருக்கிறேன்.

புளியங்கொட்டையோடும் போனேன். அதே வலை தைத்த பெரியவர். பத்துக் கொட்டையைக் கையில் வாங்கிவிட்டு, 'எந்த மாசத்துக்கு?' என்றார். எனக்கு உறைத்தது. கச்சான் காலத்துக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று என்று பிரித்துக் கேட்டேன். அப்பா காலத்து வாடைக்கு எட்டு வைத்தார், இப்போதைக்கு ஐந்து. நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா, 'உங்கப்பா பாய் கட்டிப் போனாரு, காத்து ஒரு விரல் மாறுனாலும் தெரிஞ்சிச்சு. நீங்க இன்ஜின் போட்டுட்டு அந்தச் சத்தத்துல போறீங்க, காத்து எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கையில் மீதி இருந்த ஐந்தில் ஒன்றை எடுத்துக் கூட வைத்தார், ஆறு. என் ஆய்வு நெறியாளர்கூட இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. மனிதர்கள் காற்றை அளக்கிற கருவியே மாறிவிட்டால் காற்று மாறியதை எப்படிப் பிரிப்பது? இதற்கு எந்த அத்தியாயத்தில் இடம் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை.

ஒரு சின்னச் சங்கடம் மட்டும் பாக்கி. கடைசியில் கேள்வித்தாள் 2 மார்க், 5 மார்க், 10 மார்க் வடிவத்தில்தான் வேண்டுமாம். 'காலநிலை மாற்றம் வரையறு' என்று நானே கேட்க வேண்டிவரும் போலிருக்கிறது.

மழைமானி எழுதியது:

2 மார்க் கேள்வி: ஓரிரு இடங்கள், ஒரு சில இடங்கள், வேறுபடுத்துக. ராயல்டி வேண்டாம்.

கரைவலை எழுதியது:

அந்த அம்மாவை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். வண்டிச் செலவும் அன்றைய கூலியும் கையில் கொடுத்துக் கூப்பிடுங்கள், சால்வையை மட்டும் போர்த்தி போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். மீன் ஏலம் முடிந்து அவர்கள் ஒழிவதற்குப் பத்தரை பதினொன்று ஆகும், காலை முதல் மணிக்கு வகுப்பை வைத்தால் வர மாட்டார்கள்.